ஆறாவது படகோட்டி

வாகரையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சோதனைச் சாவடிதோறும் இறங்கி ஏறி, அன்னப்பிள்ளை நாவற்குடாவில் கனகசூரியத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் ஒரு கடிதத்தை நீட்டினாள்.

"என்ட மகளை இயக்கத்துக்குக் கேட்டிருக்காங்க ஐயா. வாற வெள்ளிக்கிழமை வந்து கூட்டிப்போறாங்களாம்."

கனகசூரியம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் முப்பது வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காணாமல் போன சாமான்களைக் கண்டுபிடிப்பதில் அங்கே பெயரெடுத்தவர். பக்கத்து வீட்டு மருத்துவிச்சி புஸ்பம் அவரிடம் வரும் எந்த விவகாரத்திலும் மூக்கை நுழைக்காமல் இருந்ததில்லை. அன்றும் கடிதத்தை வாங்கி முதலில் வாசித்தவள் அவள்தான்.

சுனாமி ஊர்களோடு போராளி இயக்கத்தின் கடற்பிரிவையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆடி மாதத்துக்குள் ஆறு படகுகளை மீண்டும் இறக்கத் திட்டமாம். அதற்கு எஞ்சின் படகு ஓட்டத் தெரிந்த ஆறு பேர் வாகரை அகதி முகாமிலிருந்து வேண்டுமாம். ஆறாவது பெயர்: யோகேஸ்வரன் சுதர்சனா, வயது பத்தொன்பது, மூன்று வருட அனுபவம்.

"கடலெண்டாலே அவளுக்குத் தலை சுத்தும்," என்றாள் அன்னப்பிள்ளை. "எஞ்சினைத் தொட்டும் பாத்ததில்லை."

"அப்ப இந்த மூண்டு வருச அனுபவம் எங்க இருந்து வந்தது?" என்றார் கனகசூரியம்.

அன்னப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். கணவர் யோகேஸ்வரனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒரு தொண்டு நிறுவனம் படகு கொடுக்கிறது; ஆனால் ஓட்டத் தெரிந்த ஆள் உள்ள வீட்டுக்குத்தான். மகளை அண்ணன் நல்லரத்தினத்தின் மகன் லக்ஷனுக்குப் பேசி வைத்திருக்கிறது. வீடும் வளவும் போன பிறகு சீதனமென்று கொடுக்க அந்தப் படகாவது வேண்டாமா?

"மீனவர் சங்கச் செயலாளர் என்ட அண்ணன்தான். மகள் மூண்டு வருசமாப் படகு ஓடுறாளெண்டு அவரே படிவத்தை எழுதினார். நிறுவனத்துத் தக்ஷாயினிப் புள்ள அதைப் பாத்திட்டு, மூண்டு வருசத்துக்கு முந்தி இவ பள்ளிக்கூடத்திலதானே எண்டு கையோட திருப்பித் தந்திட்டா. பிறகு ஒரு வருசமெண்டு புதுசா எழுதிக் குடுத்தம். பழையதைக் கிழிச்சுப் போடுறன் எண்டு அண்ணன் கொண்டு போனார்."

புஸ்பம் துள்ளி எழுந்தாள். "தக்ஷாயினிதான்! படிவம் அவவிட்டத்தானே கிடக்கு? அவதான் இயக்கத்துக்குக் குடுத்திருக்கா!"

"நாளைக்கு வாகரைக்குப் போவம்," என்றார் கனகசூரியம். எதற்கென்று தெரியாமல் புஸ்பத்துக்கு அன்றைய சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை, முகாமில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் இங்கே யார் யார்? விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். பிறகு எல்லாரையும் மீனவர் சங்கத்தின் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலுக்கு அழைத்தார். புஸ்பம் போட்ட பழியால் தக்ஷாயினி அழாக்குறையாக நின்றாள். நல்லரத்தினம் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். லக்ஷன் வாசலருகில் நின்றான். சுதர்சனா தாயின் பக்கத்தில் இருந்தாள்.

"படையெண்டது முதல்ல ஆளைத் தேடாது," என்று தொடங்கினார் கனகசூரியம். "என்ன வேலை செய்ய வேணும், அதுக்கு இப்ப என்ன குறையுது, எத்தனை மாசத்தில நிரப்பலாம் எண்டு பாத்த பிறகுதான் ஆள். புது ஆளைப் பழக்க ஆறு மாசம் போகும். நல்ல அனுபவம் உள்ள ஆளெண்டா ரெண்டு மாசம் போதும். ஆடிக்குள்ள முடிக்க வேணும். அதாலதான் பேருக்குப் பக்கத்தில வருசத்தையும் போட்டிருக்காங்க."

"அதைத்தான் படிவத்தில பாத்து..." என்று புஸ்பம் குறுக்கிட்டாள்.

"எந்தப் படிவத்தில, புஸ்பம்? நிறுவனத்தில இருக்கிறதில ஒரு வருசம். கடிதத்தில மூண்டு வருசம். மூண்டு வருசமெண்டு எழுதின தாள் ஒண்டே ஒண்டுதான். அது நிறுவனத்தில தங்கவே இல்லை."

எல்லார் கண்களும் நல்லரத்தினத்திடம் போயின.

"இன்னும் ஒண்டு. இந்த முகாமில எஞ்சின் ஓட்டத் தெரிஞ்சவங்க சரியா ஆறு பேர். அஞ்சு பேர் பட்டியலில இருக்காங்க. ஆறாவது ஆள் லக்ஷன். அவன்ட இடத்திலதான் சுதர்சனா நிக்கிறா."

நல்லரத்தினம் தேத்தண்ணிக் கேத்தலைக் கீழே வைத்தார். "சங்கத்திட்டத்தான் ஆறு பேரைக் கேட்டாங்க. ஒண்டு குறைஞ்சாலும் விடமாட்டாங்க. மத்தப் புள்ளையள் எல்லாரையும் கடலுக்குக் குடுத்திட்டன், தங்கச்சி. எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான்."

"எனக்கு மட்டும் எத்தினை பேர் மிஞ்சியிருக்கு, அண்ணன்?"

தாலி கட்டும்போது முன்னால் நிற்க வேண்டிய தாய்மாமன், ஒரு தாளை மடித்துக் கொடுத்து மருமகளை அனுப்பிவிட்டார்.

"வழி இருக்கு," என்றார் கனகசூரியம் தணிந்த குரலில். "படகில ஏத்திப் பாக்கச் சொல்லுங்க. ஓட்டத் தெரியாத ஆளைப் பழக்க அவங்களுக்கு நேரமில்லை, திருப்பி அனுப்பிருவாங்க. ஆனா அந்த இடம் வெறுமையா இருக்காது."

நல்லரத்தினம் தங்கையின் காலடியில் விழப் போனார். சுதர்சனா எழுந்து லக்ஷனிடம் போனாள்.

"மச்சான், உங்களுக்கு இது தெரியுமா?"

அவன் நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான்: "பொம்புளப் புள்ளையெண்டா கொஞ்ச நாளில விட்டிருவாங்க எண்டு அப்பா சொன்னார்."

அவள் அழவில்லை. திரும்பி வந்து தாயின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாங்கம்மா. இயக்கத்துக்காரங்கட முகாமுக்குப் போய், எனக்கு ஓட்டத் தெரியாதெண்டு சொல்லுவம்."

"சுதா," என்று கெஞ்சினார் நல்லரத்தினம், "அப்ப ஆருக்குத் தெரியுமெண்டு கேப்பாங்களே, மகள்!"

"கேட்டாச் சொல்லுவன், மாமா."