தள்ளியவன் அடுக்க வேண்டும்

மண் சாலை முடிகிற இடத்தில் லோவெல் வண்டியை நிறுத்தியபோது பள்ளத்தாக்கின் விளிம்பில் விடியல் இன்னும் முழுசாக வந்திருக்கவில்லை. காற்றில் புதர்ச்செடிகளின் கசப்பு வாசம். கீழே, வெளிச்சம் எட்டாத ஆழத்தில், எதுவுமே சத்தம் போடவில்லை.

லோவெல் என் தங்கை கோராவின் கணவர். ஃபீனிக்ஸ் நகரத்தில் ஆயுசெல்லாம் கோணல் பற்களை நேராக்கிச் சம்பாதித்தவர். ஓய்வு பெற்று எங்கள் ஊரோடு வந்ததும் இயற்கையை நேராக்கக் கிளம்பிவிட்டார். முதுகுச் சுமையைக் குறைக்கிறேன் என்று பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருந்தார். மிச்சச் சுமை வயிற்றில் இருந்ததை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

இறங்குவதற்குப் பாதை என்று ஒன்று கிடையாது. செங்குத்தான பாறைச் சரிவு, அதில் அங்கங்கே முழங்கால் உயரத்தில் கற்குவியல்கள். ஒன்றின் பக்கத்தில் நின்றால் அடுத்தது தெரியும். அவ்வளவுதான் வழி. அவற்றை முதலில் வைத்தவன் ஆர்வில் என்ற ஆட்டுக்காரன். எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்பே இதே சரிவில் இறங்கித் திரும்பாமல் போனவன். ஊர்க்காரர்கள் இறங்கும்போது ஒவ்வொரு குவியலிலும் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள்.

கோரா முதல் குவியலில் கல் வைத்தாள். பின்னால் வந்த லோவெல் கைத்தடியால் அதை நெட்டித் தள்ளினார். கற்கள் உருண்டுபோகும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அடியைத் தொட்ட சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"என்ன பண்ற, லோவெல்?"

"வனாந்தரம்னா மனுஷக் கை படாம இருக்கணும், கோரா. இது குப்பை. கல்லுல செஞ்ச குப்பை."

"தள்ளினவன்தான் திரும்ப அடுக்கணும்னு எங்க ஊர்ல சொல்வாங்க."

"உங்க ஊர்ல பூமி தட்டைன்னுகூடச் சொல்வாங்க."

"அதெல்லாம் சரி மாப்ள, திரும்பி ஏறி வரணுமே?" என்றேன்.

அவர் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். செயற்கைக்கோளோடு பேசும் கடிகாரம். விலையைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

வழியெல்லாம் தள்ளிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பிரசங்கம். பாதித் தூரத்தில், மின்னல் பிளந்த ஒரு ஜூனிபர் மரத்தடியில், ஏறும்போது குடிக்கத் தண்ணீர்க் குடுவைகளை ஒளித்து வைத்தோம். இங்கே எல்லோரும் செய்வதுதான். கீழே ஓடை வற்றியிருந்தால் அதுதான் உயிர்.

ஓடை வற்றியிருந்தது.

உச்சி வெயிலில் ஏறத் தொடங்கினோம். பாறைச் சுவர்களுக்கு நடுவே கடிகாரத்துக்குப் புத்தி பேதலித்து, எங்களை வேறொரு பள்ளத்தாக்கில் காட்டியது. எல்லாச் சரிவும் ஒரே சரிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கோராவுக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மரத்தடித் தண்ணீர் சீக்கிரம் கிடைக்காவிட்டால் அவள் இல்லை.

"அதோ," என்றார் லோவெல்.

ஒரு கற்குவியல் நின்றுகொண்டிருந்தது.

"இதை நான் தள்ளலபோல." சிரிக்கப் பார்த்தார். குப்பையைக் கட்டிப்பிடிக்காத குறை. "நீங்க ரெண்டு பேரும் நிழல்ல இருங்க. நான் போய்த் தண்ணி எடுத்துட்டு வரேன்."

அந்த ஒரு தடவை அவர் குரலில் பிரசங்கம் இல்லை. தங்கையைப் பார்த்த பார்வையில் பயம்தான் இருந்தது.

அவர் போனபின் குவியலின் மேல் கல்லில் கை வைத்தேன். அந்த வெயிலுக்கு உள்ளங்கை பொசுங்கியிருக்க வேண்டும்.

கல் சில்லென்றிருந்தது.

டக்.

மேலே, வளைவுக்கு அப்பால், கல்மேல் கல் வைக்கும் சத்தம். லோவெல் அதை நோக்கி ஏறினார். இன்னொரு குவியல் தெரிந்தது. காலையில் அந்த இடத்தில் குவியல் எதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

டக்.

"மாப்ள, நில்லுங்க."

"வழி தெரியுதுய்யா," என்றார், திரும்பாமலே.

கோரா என் சட்டையைப் பிடித்தாள். உதடு வெடித்திருந்தது. "அண்ணா, மரம் அந்தப் பக்கம் இல்ல. அதோட உச்சி இந்தப் பக்கம் தெரியுது."

"அப்போ அங்க என்ன இருக்கு?"

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. வெறும் விளிம்பு."

கத்தினேன். வறண்ட தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. லோவெல் வளைவில் திரும்பினார்.

டக். டக்.

பிறகு நின்றது.

அலறல் இல்லை. ஒரு கல்கூட உருளவில்லை.

கோராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கை காட்டிய பக்கம் ஏறினேன். பிளந்த மரம் இருந்தது. குடுவைகளும் இருந்தன. ஆளுக்கொன்றைக் குடித்தோம். மூன்றாவதை அவருக்காக அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

மீட்புக் குழு ஹெலிகாப்டரோடு ஒரு வாரம் தேடியது. உடல் இல்லை. நாங்கள் சொன்ன குவியல்களில் ஒன்றுகூட இல்லை என்றார்கள். வெயில் மூளையைக் கலக்கும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்டோபரில் கோரா, அன்று வண்டியை நிறுத்திய அந்த விளிம்புக்குப் போகவேண்டும் என்றாள். கூட்டிப்போனேன்.

குவியல்கள் எல்லாம் நின்றன. முதலாவதிலிருந்து, கண்ணுக்கு எட்டிய ஆழம்வரை.

ஆனால் ஆர்வில் கைக்கு வந்தபடி அடுக்கியவன். இவை எல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. ஓரங்கள் இம்மி பிசகாமல், கம்பி கட்டி நேராக்கிய பல்வரிசைபோல.

கோரா அந்த வரிசையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேல் கல்லைத் தொட்டேன். அதே சில்லிப்பு. தொட்டிருக்க வேண்டாம்.

திரும்பும்போதுதான் கவனித்தோம். வரிசை விளிம்போடு முடியவில்லை. மண் சாலையோரமாக, ஊரை நோக்கி, சீரான இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. கடைசிக் குவியல் வழியிலிருந்த ஒரு மாட்டுப் பண்ணையின் வேலியருகே. அதற்குப் பிறகு வெறும் சாலை.

"வேகமா ஓட்டுண்ணா," என்றாள் கோரா.

நேற்று மதியம் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல.

"அண்ணா, லோவெல் எங்க தெருமுனைக்கு வந்துட்டான்."

"கதவைச் சாத்து. இதோ வரேன்."

அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த மூச்சுக்குப் பின்னால், வெகு பக்கத்தில், இன்னொரு சத்தம்.

டக்.