அச்சுக்கட்டையில் கரைந்த முகம்

பிலடெல்பியாவே கரைந்து ஓடிவிடும் போல ஒரு மழை...

ஆசிரியர்களுக்கான அந்த மாத இதழின் அலுவலக வாசலில் ஏறினான் ஆம்ப்ரோஸ். இறங்கினாள் லவீனியா. இருவருக்கும் அவசரம். மோதிய வேகத்தில் அவள் கையிலிருந்த துணி அவிழ்ந்து, உள்ளே இருந்த அச்சுக்கட்டை, படம் செதுக்கி அச்சிடும் மரத்துண்டு, தண்ணீரில் விழுந்தது.

"பார்த்து வரக் கூடாதா?" என்று சீறி நிமிர்ந்தவள்... நின்றுவிட்டாள்.

சாம்பல் நிறக் கண்கள். இத்தனை துக்கத்தை அவள் எந்த ஆணின் கண்ணிலும் பார்த்ததில்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்தான். அதன் வெள்ளைப் பூச்சின் மேல், புத்தகம் படிக்கும் இளைஞன் ஒருவனைப் பென்சிலில் வரைந்திருந்தது. வாயும் தாடையும் அப்படியே இருக்க, கண் இருந்த இடம் மட்டும் கலங்கி வழிந்தது.

"ஐயோ... நான் வரைஞ்சதுங்க இது!"

"நீங்களா? நான்தான் இதைச் செதுக்கப் போறவ."

"என் தம்பி டோபயஸ். போர்ல போயிட்டான். வீட்டுல அவன் படம்னு வேற எதுவுமே இல்லை..."

அப்போதாவது அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"மழை பெய்யலேன்னாலும் இது தங்காது சார். கட்டையில நீங்க வரைஞ்சதையேதான் நாங்க வெட்டுறோம்; வெட்ட வெட்ட பென்சில் கோடு போயிடும். அச்சுல விழுறதுதான் மிச்சம்."

"யாரும் முன்னாடி சொல்லலையே!"

"நீங்க கேட்டீங்களா?"

அவன் முகம் சிவந்தது. "புதுசா வரைஞ்சு தர்றேன். வேற யாராவது செதுக்கட்டும்." விறுவிறுவென்று மழைக்குள் நடந்துவிட்டான்.

தம்பியைப் பறிகொடுத்தவனிடம் பேசுகிற பேச்சா அது? கட்டையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, தன் செதுக்குப் பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள் லவீனியா.

மறுநாள் காலையில், இதழ் அலுவலகத்தில் அவள் பெயரை விசாரித்துக்கொண்டு, அவனே பட்டறைக்கு வந்தான். கையில் கசங்கிய காகிதங்கள்.

"வரலைங்க... எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தேன். யார் யாரோ வர்றாங்க, அவன் வரமாட்டேங்கிறான். கூடப் பொறந்தவன் முகத்தையே மறந்துட்டேன்னா நான் என்ன அண்ணன்?"

நேற்றைய கட்டையை எடுத்து மேசையில் வைத்தாள் அவள். ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நேத்து நான் பேசினது தப்பு. உக்காருங்க... அவரைப் பத்திச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டே வெட்டுறேன்."

தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான்.

"படிக்கிற மாதிரி நடிப்பான். புத்தகத்துக்குள்ள சோளரொட்டி இருக்கும்."

"அப்போ இந்தப் படத்துல?"

"தின்னுட்டிருக்கான்!"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து கண் நிறைந்தது. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்... குனிந்தாள்... உளி நகர்ந்தது.

மாலையில் கட்டைக்கு மை தடவி, காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து, மெல்ல உரித்துக் கொடுத்தாள். வெகுநேரம் பார்த்தான்.

"இது டோபயஸ் இல்லை."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாய் அவனோடதுதான். ஆனா அவன் கண்ணு கலங்கி நான் பார்த்ததே இல்லை. இது யாரு கண்ணு?"

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் தம்பிக்குச் செய்யும் துரோகம்.

"உங்களோடது," என்றாள். "நேத்து மழையில பார்த்ததுலேர்ந்து மனசை விட்டுப் போகமாட்டேங்குது. அவருக்காகத்தான் வெட்ட உக்காந்தேன், சத்தியமா... கை கேக்கலை. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மன்னிச்சிடுங்க, கட்டையை உடைச்சுடலாம்."

அவன் காகிதத்தை மேசையில் வைத்தான். கண்ணீரை மறைக்கவில்லை.

"அவன் திரும்பி வந்துடுவான்னு நாலு வருஷமா உள்ளுக்குள்ள காத்துக்கிட்டே இருந்தேன். வரமாட்டான், லவீனியா... இந்தப் படத்துல என் கண்ணைப் பார்த்ததும்தான் எனக்கே தெரியுது. உடைக்காதீங்க."

மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்தான்.

"நான் அழுது யாரும் பார்த்ததில்லை. நீங்க பார்த்துட்டீங்க. இனிமே உங்களைப் பார்க்காம என்னால இருக்க முடியாது."

அவன் கையை நீட்டினான். அவள் தன் கைகளைப் பின்னால் மறைத்தாள்.

"கை பூரா மை..."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றான்.