குலுங்காத ஏவுகணை

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். போட்டா அரசாங்கம் நாற்பத்து நாலு ஏவுகணை வாங்கும். போடலைன்னா எனக்கு வேலை இல்ல" என்றார் லர்லீன் டிட்வெல்.

எதிரி ஏவுகணையை வானிலேயே மோதி உடைக்கும் ஏவுகணைகள் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் தயாராகின்றன. அங்கே இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தரப் பரிசோதகர். ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினோரு மாதம்.

உணவகத்தில் எதிரே அமர்ந்திருந்த அரசுத் தணிக்கையாளர் ஆம்ப்ரோஸ் கிட்ரெல் கோழிக்கறியில் வெள்ளைச் சாஸைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கும் அவசரப்படாதவர். அவருடைய உதவியாளர் டூயி சிம்ஸ், முன்னாள் கடற்படைக்காரர், அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார்.

"பசிபிக்ல நடந்த சோதனை வெற்றிதானே மேடம்? குறி தப்பலையே!"

"அதான் இடிக்குது. நடுக்க மேடையில வச்சுக் குலுக்கிப் பார்த்தப்போ எங்க அஞ்சுல மூணு தோத்துப்போச்சு. பறந்தது மட்டும் எப்படிச் சொக்கத்தங்கம்? அதுவும் எங்க உற்பத்தி வரிசையில செஞ்சதுதான்னு நான் எழுதித் தரணுமாம். அது கிளம்பின வாரம் நான் லீவு."

அவர் மேசையில் வைத்தவை இரண்டு: ஏவுவதற்குச் சற்று முன் எடுத்த புகைப்படம், எடைத்தாள். தொழிற்சாலையில் பார்த்த எடையும் ஏவுதளத்தில் படம் எடுத்தபின் பார்த்த எடையும் கிராம் பிசகாமல் ஒன்றாக இருந்தன.

"நடுக்க மேடையில எப்படி நிறுத்துவீங்க?" என்றார் கிட்ரெல்.

"நாலு இரும்புப் பிடி போட்டு இறுக்குவோம். பெயின்ட்ல பிறை மாதிரி நாலு சிராய்ப்பு விழும். அதுக்கப்புறம் எடை, அப்புறம் பெட்டி."

கிட்ரெல் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். மூவரும் தொழிற்சாலைக்குப் போனார்கள்.

மேலாளர் ஸ்டாலிங்ஸ் தன் அறையில் சிரித்தபடியே வரவேற்றார்.

"படத்துல ஒரு சிராய்ப்புகூட இல்லையே, சார்?" என்றார் கிட்ரெல்.

"போட்டோவுக்காகப் பெயின்ட் அடிச்சோம்."

"மாட்டினீங்களா!" என்று டூயி துள்ளினார். "பெயின்ட் அடிச்சா எடை ஏறுமே!"

"ஒரு கிராம்கூட ஏறல" என்றார் கிட்ரெல். "அப்போ பெயின்ட் அடிக்கவே இல்ல, சிராய்ப்பும் விழவே இல்ல. அது நடுக்க மேடையிலயே ஏறல. வரிசையில செஞ்ச எதுவும் மேடை ஏறாம வெளிய போகாது. இது வேற எங்கயோ செஞ்சது."

ஸ்டாலிங்ஸின் சிரிப்பு நின்றது. "ஆராய்ச்சிக்கூடத்துல, பொறியாளருங்க கையால செஞ்சாங்க. அதே வரைபடம்தான்! ஆர்டரை முதல்ல வாங்கிட்டா, குறையைப் பின்னால சரிபண்ணலாம். லர்லீன், பதினோரு மாசம்தானே? கண்ணை மூடிட்டுப் போட்டுடு."

"நான் கண்ணை மூடலாம். மேல வர்ற குண்டு மூடிக்குமா?"

லர்லீன் படிவத்தை இழுத்து, கையெழுத்துக்கான இடத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'பறந்தது எங்கள் வரிசையில் செய்தது அல்ல. எங்கள் வரிசையில் செய்தது எதுவும் இன்னும் பறக்கவில்லை.' கீழே முழுப்பெயரையும் எழுதிக் கிட்ரெலிடம் நீட்டினார்.

"நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார் ஸ்டாலிங்ஸ்.

"ஏழு மணி ஷிப்ட். வருவேன். இவங்க ரெண்டு பேரும் வாசல்ல நிப்பாங்க. அவங்க முன்னால என்னைத் தடுத்துப் பாருங்க."