அம்மாவின் விரலுக்கு என்ன குறை?

அந்த வீட்டில் காலையில் முதலில் விழிப்பது மாமாவின் ஃபோன்தான். அது கிணுகிணுத்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்பே மாமா கையை நீட்டி அதை எடுப்பார். பல் தேய்ப்பது, குளிப்பது எல்லாம் அப்புறம். முதலில் ஃபோன் செய்திகள்.

"கேட்டியாக்கா? அடுத்த மாடல்ல முன்பக்கமும் கேமரா வருதாம்," என்பார் சமையலறை வாசலில் நின்று.

"முன்பக்கம் எதுக்குடா?" என்று அம்மா கேட்பார்.

"நம்ம முகத்த நாமே பாத்துக்கலாம்."

"அதுக்குத்தான் கண்ணாடி இருக்கே," என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

டச் ஃபோன் என்ற ஒன்று அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. அந்தத் தெருவில் அதை முதலில் வாங்கியவர் மாமா. வாங்கினார் என்பதைவிடத் தத்தெடுத்தார் என்று சொல்லலாம். மெத்தென்ற துணியால் துடைப்பார். தலையணைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு குட்டித் தலையணை வைப்பார். இணையத்தில் 'ஃபோனும் நானும்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்து, இன்றைக்கு ஃபோன் என்ன செய்தது, அதைப் பார்த்து யார் யார் வாயைப் பிளந்தார்கள் என்று தினமும் எழுதுவார். கடைசியில் ஃபோனுக்கு மார்க் போடுவார். எப்போதும் நூற்றுக்கு நூறுதான்.

ஆனால் இந்தக் கதை மாமாவைப் பற்றியது இல்லை. அவருடைய அக்கா மகளைப் பற்றியது. ஐந்தாம் வகுப்பு படிப்பவள். ஒல்லியாக இருப்பாள், லேசாக உரசினாலே பற்றிக்கொள்வாள். அதனால் எல்லோருக்கும் அவள் தீக்குச்சி.

தீக்குச்சியின் அம்மா டைல்ஸ் ஒட்டுகிறவர். சிமென்ட்டைக் குழைத்துத் தடவி, டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, ரசமட்டம் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது உருளாமல் அப்படியே நிற்கும். இத்தனை வருடமும் அவர் ஒரு மேஸ்திரியின் கீழ்தான் வேலை பார்த்தார். இப்போதுதான் முதன்முதலாக ஒரு வேலை நேராக அவருக்கே வருவதாக இருந்தது. அதுவும் பிள்ளைகள் நீந்துவதற்கான நீச்சல் குளம். எஞ்சினியர் மேடம் அம்மாவின் வேலையைப் பார்த்துவிட்டு, "ஓனர்கிட்ட பேசிட்டு ஃபோன் பண்றேன்" என்று சொல்லியிருந்தார்.

அந்த வாரம்தானா மாமா புது மாடல் வாங்க வேண்டும்? வாங்கினார். பழைய டச் ஃபோனை அம்மாவுக்குக் கொடுத்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அம்மாவின் பட்டன் ஃபோனைக் கடையில் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தன் புது ஃபோனுக்கு ஓர் உறை வாங்கிக்கொண்டார். டச் ஃபோனில் சிறிய சிம் கார்டுதான் நுழையும் என்பதால், அம்மாவின் சிம்மைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சின்னதாக்கினார்.

"எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்கேன் பாத்தியா?" என்று பெருமை வேறு.

மறுநாள் காலை அந்த ஃபோன் அடித்தது. பச்சை வட்டத்தை ஒரு பக்கமாக நகர்த்த வேண்டும். அம்மா விரலை வைத்து நகர்த்தினார். வட்டம் அசையவில்லை.

"அழுத்தாதக்கா, தடவு," என்றார் மாமா.

"தடவத்தான்டா செய்யறேன்."

"பாசமாத் தடவு."

"இதென்ன பூனைக்குட்டியா?"

அம்மா ஆட்காட்டி விரலால் பார்த்தார். கட்டை விரலால் பார்த்தார். அடித்து அடித்து ஃபோன் ஓய்ந்துவிட்டது. தீக்குச்சி தன் விரலால் லேசாகத் தொட்டாள். உடனே திரை ஓடியது.

"பாத்தியா? ஃபோன்ல ஒரு குறையும் இல்ல," என்றார் மாமா. "உன் விரல்தான்க்கா சரியில்ல. சிமென்ட்டுல வேலை செஞ்சு செஞ்சு காய்ஞ்சு காய்ச்சுப் போயிடுச்சு. அந்த விரல் தொடறது இதுக்குத் தெரியல."

அம்மா தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தீக்குச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரல் எப்படி மாமா சரியில்லாம போகும்? நீங்க நிக்கறீங்களே, அந்தத் தரைய ஒட்டினது அந்த விரல்தான்."

மாமா குனிந்து தரையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய ஃபோன் கிணுகிணுத்ததால் தப்பித்துவிட்டார்.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்ததும் தீக்குச்சி அம்மாவின் ஃபோனை எடுத்துப் பார்த்தாள். எஞ்சினியர் மேடம் பகலில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்.

"அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு," என்றார் அம்மா சோர்வாக. "நானும் தேய்ச்சேன், கலவை போடற அக்காவும் தேய்ச்சுச்சு, பெயின்ட் அடிக்கற அண்ணனும் தேய்ச்சாரு. அங்க இருக்கற ஒருத்தர் விரலையும் அது மதிக்கல."

தீக்குச்சி எஞ்சினியர் மேடத்தைக் கூப்பிட்டு, ஃபோனை அம்மாவின் காதில் வைத்தாள். மேடத்தின் குரல் சூடாக, வெளியே கேட்கும் அளவுக்கு உரக்க இருந்தது.

"ஃபோனே எடுக்காதவங்கள நம்பி நான் எப்படிம்மா குளத்தக் குடுக்கறது? நாளைக்குக் காலையில ஓனர் வர்றாரு. அவர் முன்னாடி கூப்பிடுவேன். எப்போ முடிப்பீங்க, எத்தன பேர் வருவீங்கன்னு அவர் கேக்கறதுக்கு நீங்களே பதில் சொல்லணும். எடுக்கலைன்னா அடுத்த ஆளப் பாத்துடுவேன்."

அம்மா விளக்கம் சொல்வதற்குள் ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல. உன்கூட வர்றேன்," என்றாள் தீக்குச்சி.

"பரீட்சைய விட்டுட்டா? அதெல்லாம் கிடையாது."

"அப்போ மாமா வரட்டும்."

"எனக்கு ஆபீஸ்ல ஆடிட்," என்றார் மாமா அவசரமாக.

பக்கத்து வீட்டுக்காரரின் பட்டன் ஃபோனை வாங்கி அம்மாவின் சிம்மைப் போட்டுப் பார்த்தார்கள். வெட்டிய சிம் அதில் நிற்காமல், பெரிய செருப்புக்குள் சின்னக் கால் போலக் கடகடவென்று ஆடியது. மாமாவின் நேர்த்தி அப்படி.

"கையில க்ரீம் தடவிக்கோக்கா," என்றார் மாமா. அம்மா தடவிக்கொண்டார். திரை வழவழவென்று ஆனதுதான் மிச்சம். தண்ணீரில் நனைத்துக்கொண்டு தொட்டார். ஒரு சொட்டு திரையில் விழுந்ததும் ஃபோனுக்குக் கிறுக்குப் பிடித்து, அது தானாகவே எதையெதையோ திறந்து மூடியது.

"தண்ணி, தண்ணி," என்று பதறிக்கொண்டு மாமா மெத்தென்ற துணியோடு ஓடி வந்தார்.

"அம்மாவுக்கு வேலை போகப்போகுது, அதுக்கு ஓடி வரல. ஃபோன்ல ஒரு சொட்டுத் தண்ணி, அதுக்கு ஓடி வர்றீங்க," என்றாள் தீக்குச்சி.

"விடு கண்ணு," என்றார் அம்மா. "குளம் இல்லைன்னா வேற தரை. மேஸ்திரிகிட்டயே இருந்துட்டுப் போறேன்."

அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் தீக்குச்சிக்குத் தாங்க முடியாமல் போயிற்று. குளத்துக்கு நீல டைல்ஸா பச்சை டைல்ஸா என்று போன வாரம் முழுக்க அம்மா யோசித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும்.

அவள் சமையலறைக்குப் போய் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தாள். கோபம் வந்தால் அவளுக்கு எதையாவது கடிக்க வேண்டும். ஃபோனை மேடைமேல் வைத்து அதை முறைத்தாள்.

"உன்ன யாரு செஞ்சது?" என்று கேட்டாள். "செஞ்சு முடிச்சதும் டைல்ஸ் ஒட்டறவங்க ஒருத்தரயாவது கூப்பிட்டு, தொட்டுப் பாருங்கன்னு சொன்னாங்களா? இல்லைல்ல?"

அவள் கேரட்டாலேயே அதன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

படம் ஒன்று திறந்துகொண்டது.

தீக்குச்சி மெல்லுவதை நிறுத்தினாள். கேரட்டைத் திரையில் வைத்து இழுத்தாள். படம் நகர்ந்தது. பென்சிலால் இழுத்தாள், நகரவில்லை. வாழைப்பழத்தால் இழுத்தாள், நகர்ந்தது. காய்ந்த ரொட்டித் துண்டால் இழுத்தாள், ஊஹூம். வெள்ளரிக்காய்க்கு நன்றாகவே நகர்ந்தது, ஆனால் கொழகொழவென்று ஒழுகியது.

"ஈரப்பசை இருந்தா போதும் இதுக்கு," என்று அவளுக்குப் புரிந்தது. "மேல வழியக் கூடாது, உள்ளுக்குள்ள இருக்கணும்."

ஓடிப் போய் அம்மாவின் கையில் கேரட்டைக் கொடுத்தாள். அம்மா அதைப் பிடித்துத் திரையில் வைத்தார். திரை ஓடியது. அம்மா திகைத்துப் போய் மறுபடி இழுத்தார். மறுபடி ஓடியது.

"அட, ஒரு கேரட்டுக்குக் குடுக்கற மரியாதைய எனக்குக் குடுக்கலையே," என்று அம்மா சிரித்தார். இது நிஜமான சிரிப்பு.

மாமா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புது ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்.

"அப்படியே இரு அக்கா, ஒரு ஃபோட்டோ. 'கேரட் வைத்து ஃபோன் பேசும் என் அக்கா'ன்னு இன்னைக்கே போடறேன். படிக்கறவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

தீக்குச்சி அம்மாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"யாரப் பாத்துச் சிரிப்பாங்க மாமா?"

மாமா தூக்கிய ஃபோன் மெல்லக் கீழே இறங்கியது.

மறுநாள் பரீட்சையில் தீக்குச்சி என்ன எழுதினாள் என்பது அவளுக்கே தெரியாது. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தாள். அம்மா வேலை செய்யும் கட்டடம் வழியில்தான் இருந்தது. சிமென்ட் மூட்டைமேல் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலவை அக்கா குற்றவாளியைப் போல நின்றிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"ஃபோன் அடிச்சுச்சு. பைக்குள்ள கைய விட்டா கேரட்டக் காணோம்," என்றார் அம்மா. "திரும்பிப் பாத்தா இந்த அக்கா அதைக் கடிச்சுக்கிட்டு நிக்குது."

"பசிச்சுதும்மா," என்றார் கலவை அக்கா. "அது ஃபோனோட சாமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம்?"

"வாயிலேர்ந்து பிடுங்கினேன். கட்டை விரல் அளவு மிச்சம் இருந்துச்சு. வெச்சு இழுத்தேன் பாரு." அம்மா நிறுத்தினார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "ஓனர் கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். குளம் நமக்குத்தான் கண்ணு. அடுத்த வாரம் ஆரம்பிக்கறோம்."

தீக்குச்சி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சீருடை முழுக்கச் சிமென்ட் ஆனது.

அன்று மாமா சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். அம்மாவின் எண்ணுக்கே புது சிம் வாங்கி, அதை ஒரு பட்டன் ஃபோனில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். அதை அம்மாவிடம் நீட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உன்ன ஒரு வார்த்த கேக்காம உன் பழைய ஃபோனக் கடையில குடுத்திருக்கக் கூடாதுக்கா."

அம்மா பட்டனை அழுத்தினார். டக்கென்று சத்தம் கேட்டது. "நல்லா இருக்குடா," என்றார். அவருக்கு அவ்வளவுதான், கோபம் முடிந்துவிட்டது.

தீக்குச்சிக்கு முடியவில்லை.

"ஃபோன் குடுத்துட்டா ஆச்சா? நேத்து வரைக்கும் நூத்துக்கு நூறுன்னு எழுதினீங்களே, அத யார் மாத்துவாங்க? உங்க பக்கத்தப் படிச்சுட்டு இன்னொரு டைல்ஸ் ஒட்டறவங்க டச் ஃபோன் வாங்கினா என்ன பண்ணுவாங்க?"

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் புது ஃபோனில் எழுத ஆரம்பித்தார். எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"'சிலருடைய விரல்களுக்கு டச் ஃபோன் சரிவர வேலை செய்வதில்லை.' போதுமா?"

"சிலருன்னா யாரு?"

"சரி. 'என் அக்காவுடைய விரல்களுக்கு.'"

"உங்க அக்கா என்ன வேலை செய்யறாங்க?"

மாமா பெருமூச்சு விட்டு மறுபடி தட்டினார். "'டைல்ஸ் ஒட்டும் என் அக்காவுடைய விரல்களுக்கு டச் ஃபோன் வேலை செய்யவில்லை. விரலில் ஒரு குறையும் இல்லை. குறை ஃபோனில்தான்.'"

தீக்குச்சி அவர் தோளுக்கு மேலாக எட்டி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள்.

"எங்க போடப் போறீங்க?"

"கடைசியில, மார்க் போடற இடத்துல."

"முதல் வரியில போடுங்க," என்றாள் தீக்குச்சி.

மாமா முதல் வரியில் போட்டார்.