இந்த மாதக் குரல்

"எங்க அப்பாவைக் கொன்னுட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் நூலகத்துக்குள் நுழைந்தபோது, படிப்பறையில் விரிந்திருந்த அத்தனை செய்தித்தாள்களும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின.

அட்டை அக்கா மேஜையை விட்டு எழுந்து நின்றாள். உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுப்பதால் வாசகர்கள் வைத்த பெயர் அது. அவள் உதவி நூலகர். துப்பறியும் நாவல் அலமாரியைக் கரைத்துக் குடித்தவள். வேறு நாளாக இருந்தால் கொலை என்ற சொல் காதில் விழுந்ததுமே முகம் மலர்ந்திருக்கும். ஆனால் டீச்சரின் அப்பா சில வருஷங்களுக்கு முன்பே நோய்வாய்ப்பட்டு இறந்துபோனவர். டீச்சர் பேசியது ஒரு கேசட்டைப் பற்றி.

அந்த நூலகத்தில் மாதாமாதம் ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். முதல் சனிக்கிழமை பழுது பார்க்கும் நாள். நின்றுபோன மிக்ஸிகளும் மூச்சு வாங்கும் மின்விசிறிகளும் வரும். நடுவில் குழந்தைகளுக்குக் கதை நேரம். கடைசிச் சனிக்கிழமை 'இந்த மாதக் குரல்'. யாருடைய வீட்டிலாவது தூங்கும் பழைய கேசட்டை வாங்கிக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, அதை எல்லோரும் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்பார்கள். இருமல், தும்மல், பின்னால் குரைக்கும் நாய் எதையும் வெட்டாமல் முழுசாகக் கேட்பது வழக்கம். யோசனை அட்டை அக்காவுடையது. தலைமை நூலகருக்கு அது ஆரம்பத்திலிருந்தே கசப்பு மருந்து. நிறுத்துவதற்கு ஒரு சாக்கு கிடைக்காதா என்று காத்திருந்தார்.

இந்த மாதம் டீச்சரின் அப்பா குரல். அறிவிப்புப் பலகையில் அவர் படத்தை அட்டை அக்காதான் ஒட்டியிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து சிரிக்கும் மனிதர். சட்டையின் இடது கை மடிக்கப்பட்டு ஊசி குத்தியிருந்தது. வேலை பார்த்த ஆலையில் இயந்திரம் விழுங்கிய கை அது.

பழுது பார்க்கும் நாளில் ரிப்பேர் செய்வதும் கேசட்டுகளை மாற்றித் தருவதும் ரேடியோக்காரர். இந்தக் கேசட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு முந்தின நாள்தான் டீச்சருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் வெறுமை. ஒரு சொல் கூட இல்லை.

"ஒரே ஒரு கேசட்டுதான் இருந்தது. வேற பிரதி கிடையாது" என்றாள் டீச்சர். "உங்க மெஷின் அழிச்சிடுச்சு. சனிக்கிழமைக்குள்ள எனக்குப் பதில் வேணும். இல்லைன்னா புகார் கொடுத்து இந்தக் கூத்தையே மூட வைப்பேன்."

"கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல்.

அவர் சர்வேயர். எரிந்த கிடங்கையும் மோதிய லாரியையும் பார்த்து, நிஜமாகவே நஷ்டமா, நாடகமா என்று காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி ஓய்வு பெற்றவர். அட்டை அக்கா அவரைக் குருவாக வரித்துக்கொண்டு பல நாளாயிற்று. அவருக்கு அதில் பெரிய விருப்பமில்லை.

"அந்தக் கேசட்டுல என்ன இருந்தது? ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்க."

டீச்சரின் முகம் இளகியது. "கதை. ராத்திரி சாப்பிட்டதும் அப்பா கட்டில்ல உட்காருவார். நான் மடியில, தம்பி தோள்ல. தம்பி விழாம அந்த ஒரு கையால காலைப் பிடிச்சுக்குவார். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒவ்வொரு குரல். நடுவுல ஒரு இடத்துல படார்னு கைதட்டுவார். நாங்க தூக்கிவாரிப் போட்டு, விழுந்து விழுந்து சிரிப்போம். 'எங்க விட்டேன்?'னு கேட்டுட்டு மறுபடி ஆரம்பிப்பார். அந்த 'எங்க விட்டேன்'ல ஒரு தனி அழகு சார்."

"கடைசியா எப்ப கேட்டீங்க?"

"படிக்கிற காலத்துல. அப்புறம் டேப் ரிக்கார்டர் படுத்துடுச்சு. அது அலமாரி மேலயே கிடக்கு."

சர்வேயர் தலையாட்டிவிட்டு, மேஜை மேல் இருந்த கேசட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. இதில் இரண்டுமே உடைந்திருந்தன.

"அப்பாதான் உடைச்சார். யாரும் தெரியாம மேல பதிஞ்சிடக் கூடாதுன்னு" என்றாள் டீச்சர்.

"நல்ல காரியம். ஆனா குழியை எதையாவது வெச்சு அடைச்சிட்டா மறுபடி பதியலாம்" என்ற சர்வேயர், ஒரு குழியிலிருந்து குண்டூசியால் எதையோ நெம்பி எடுத்தார். மயிரிழை போல ஒரு துணுக்கு வெள்ளைப் பஞ்சு.

அட்டை அக்கா அதை ஒரு காகித உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டாள்.

மாலையில் ரேடியோக்காரர் வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "சார், நானே சம்பளம் வாங்காம செய்றேன். இந்தப் பொட்டியைப் பாருங்க. ஓடத்தான் தெரியும், பதியத் தெரியாது. ரெக்கார்ட் பட்டனே கிடையாது. அந்த மாதிரி பட்டனையெல்லாம் பழுது பார்க்கிற நாள்ல கண்ணால பார்க்கிறதோட சரி. இந்த மாசம் கூட ஒரு அம்மா பையில சுத்தி ஒண்ணு கொண்டு வந்தாங்க. பெல்ட் மாத்தினேன். ரெக்கார்ட் பட்டன் இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டேன். எதைச் சொன்னாலும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது."

"சத்தத்தை முழுசா வெச்சு ஓட்டுங்க" என்றார் சர்வேயர்.

முதலில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம். பிறகு இரைச்சல். அதற்கு அடியில், நொண்டி நடப்பதைப் போல, டக்... டக்... டக் என்று ஏதோ தட்டிக்கொண்டே இருந்தது.

"காந்தம் பட்டு அழிஞ்சிருந்தா இதெல்லாம் இருக்காது. யாரோ ஒரு அறையில உட்கார்ந்து, எதுவும் பேசாம, வெறும் அறையைப் பதிஞ்சிருக்காங்க. ஒரு பக்கம் முடிஞ்சதும் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும்" என்றார் சர்வேயர்.

மறுநாள், வியாழக்கிழமை மாலை, சர்வேயரும் அட்டை அக்காவும் டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் கால் வைத்ததுமே அட்டை அக்கா அண்ணாந்து பார்த்தாள். மின்விசிறி டக்... டக்... டக் என்று நொண்டிக்கொண்டிருந்தது. அவள் சர்வேயரை இடித்த இடியில் அவர் கண்ணாடி நழுவியது.

பதிந்தது இந்தக் கூடத்தில்தான் என்று கேட்டதும், "தம்பிதான்" என்று டீச்சர் பல்லைக் கடித்தாள். "கேசட் எனக்குத்தான் வேணும்னு அப்பா போன அன்னைக்கே சண்டை போட்டான். அதுலேர்ந்து பேச்சுவார்த்தை இல்லை. தனக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாம்னு செஞ்சிருக்கான். வீட்டுச் சாவி ஒண்ணு இன்னும் அவன்கிட்ட இருக்கு. நான் பள்ளிக்கூடம் போயிட்டா அம்மா மட்டும்தான். அம்மாவுக்கு யார் வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. டி.வி. ரிமோட்டைக் கூடத் தொடமாட்டாங்க."

அம்மா தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். மெலிந்த உடம்பு, வீட்டில் இருக்கிறாள் என்பதே கவனித்தால்தான் தெரியும். சர்வேயர் அவளுக்கு இடது பக்கம் நின்று, "ரொம்ப நன்றிம்மா" என்றார். பதில் இல்லை. வலது பக்கம் வந்து அதையே சொன்னார்.

"பரவாயில்லைங்க" என்றாள் அம்மா. இடது காதில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது.

அலமாரி மேல் தூசி படலமாகப் படிந்திருந்தது. டேப் ரிக்கார்டர் மட்டும் பளிச்சென்று துடைத்து வைத்ததாக இருந்தது. சர்வேயர் தண்ணீரைக் குடித்து முடித்து, வேறொன்றும் கேட்காமல் கிளம்பிவிட்டார்.

"தம்பியை எப்ப மடக்கலாம் ஐயா?" என்று தெருவில் அட்டை அக்கா துள்ளினாள்.

"சனிக்கிழமை காலையில எல்லாரையும் வரச் சொல்லு" என்றார் அவர். அதைச் சொன்னபோது அவர் குரலில் எந்தச் சந்தோஷமும் இல்லை.

சனிக்கிழமை, கூட்டம் வருவதற்கு முன்பே நாற்காலிகள் போட்டாயிற்று. டீச்சர் ஒரு மூலை, தம்பி எதிர் மூலை. ரேடியோக்காரர் தன் பெட்டிக்குப் பக்கத்தில். அம்மா நடுவில், முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மாவோட பேசிட்டு அப்புறம் உங்களோட பேசறேனே?" என்று சர்வேயர் டீச்சரிடம் கேட்டுப் பார்த்தார்.

"அம்மாவுக்கு என்ன சார் தெரியும்? இவன் முகத்துக்கு நேரா சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

சர்வேயர் பெருமூச்சு விட்டார். "நூலகத்து மெஷினுக்குப் பதியத் தெரியாது. பதிஞ்ச இடம் உங்க கூடம், ஃபேன் சாட்சி. உங்க தம்பி செஞ்சிருந்தா கேசட்டைத் தூக்கிட்டுப் போயிருப்பார், அவருக்கு வேண்டியது அதுதானே. உட்கார்ந்து அழிச்சவங்க, அது யார்கிட்டயும் இருக்கக் கூடாதுன்னு நினைச்சவங்க. ரேடியோக்காரரே, ரெக்கார்ட் பட்டனுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டுப் போன அம்மா இங்க இருக்காங்களா?"

ரேடியோக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"விளையாடாதீங்க" என்றாள் டீச்சர். "அம்மாவுக்கு அந்த மெஷினைத் தொடக்கூடத் தெரியாது."

"அப்படியா? நீங்க மடியில, தம்பி தோள்ல, அப்பாவோட ஒரு கை தம்பி கால்ல. பதியறதுக்கு ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினது யாரு டீச்சர்? பக்கம் முடிஞ்சா திருப்பிப் போட்டது யாரு? நீங்க சொன்ன கதையில அந்த ஆளே இல்லை."

டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொண்ணு" என்றார் சர்வேயர். அறிவிப்புப் பலகையில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு கை இருக்கிற மனுஷன் கைதட்டினார்னு சொன்னீங்க."

ஊசி குத்திய அந்தச் சட்டைக் கையைத் தன் விரலாலேயே தடவி ஒட்டியவள் அட்டை அக்கா. அப்போது அது மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியதும், ஏறாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வலது கை மட்டும் உள்ளவனுக்கு எதிரில் நிற்பவளின் இடது காதுதான் வாகு.

தம்பிதான் முதலில் பேசினான். "அம்மா... அது...?"

"பட்டனைச் சரியா அமுக்கலை" என்றாள் அம்மா. மளிகைச் சாமான் சொல்வதைப் போலச் சொன்னாள். "கதை பாதி பதியலைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. குனிஞ்சு மறுபடி அமுக்கினேன். ஓட ஆரம்பிச்சதும் காதோட ஒரு அறை விழுந்தது. அதுலேர்ந்து இந்தக் காது இல்லை. அப்புறம் 'எங்க விட்டேன்'னு உங்களைக் கேட்டார்."

பிறகு மகளிடம் திரும்பினாள். "எத்தனை தடவை சொன்னேன், வேண்டாம்மா, அதை ஊருக்கெல்லாம் போட வேண்டாம்னு. 'உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு'ன்னுட்டே. முன்வரிசையில உட்கார வெச்சு, இவ்வளவு பெரிய பொட்டியில..." அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"ஒரு அறைக்காக அப்பா குரலையே அழிப்பியா?" டீச்சர் கத்தினாள். "எங்களுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்!"

"அடி எனக்குப் பழகிப்போச்சும்மா. அதுக்காக அழிக்கலை." அம்மா மகளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்களே, அதுவும் அதுல இருந்தது. அதுதான் பழகவே இல்லை."

ஒரு பிள்ளையாவது எழுந்து அவளிடம் போகும் என்று அட்டை அக்கா எதிர்பார்த்தாள். அவள் படித்த புத்தகங்களில் உண்மை வெளியே வந்ததும் யாராவது யாரையாவது கட்டிக்கொள்வார்கள். இங்கே தம்பி எழுந்து டீச்சரிடம் போனான். அத்தனை வருஷம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் வாசலருகே நின்று குசுகுசுவென்று பேசினார்கள். அப்பாவின் பெயரைக் காப்பாற்றுவதற்கு அவர்கள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

டீச்சர் திரும்பி வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். "வெளியில யாருக்கும் இது போகக் கூடாது. மெஷின் கோளாறுல கேசட் அழிஞ்சிடுச்சுன்னு பலகையில எழுதிப் போடுங்க. நாங்க புகார் கொடுக்கலை."

"அப்ப பழி என் தலையிலயா?" என்று கேட்டார் ரேடியோக்காரர்.

பிறகு முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்க" என்றார் அவர் அட்டை அக்காவிடம். பெட்டியின் மின்கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அட்டை அக்கா எழுதினாள். தலைமை நூலகருக்கு வேண்டிய சாக்கைத் தன் கையெழுத்திலேயே எழுதுகிறோம் என்று தெரிந்தும் எழுதினாள். அடுத்த மாதம் கடைசிச் சனிக்கிழமைக்கு ஒன்றும் இருக்காது. சர்வேயர் ஜன்னலோரத்தில் செய்தித்தாளை விரித்திருந்தார். வெகு நேரமாகப் பக்கம் திரும்பவில்லை.

"இதைக் கண்டுபிடிச்சிருக்கவே வேண்டாம் ஐயா" என்றாள் அவள்.

"வியாழக்கிழமை அவங்க வீட்டுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர். "அந்தம்மாவைக் கேட்காமலே எல்லாரையும் வரச் சொன்னேன் பாரு. நானும் அவங்க பிள்ளைங்க மாதிரிதான்."

டீச்சரும் தம்பியும் பேசியபடி படியிறங்கிப் போய்விட்டார்கள். அம்மா கொஞ்சம் பின்னால், தனியாக, வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அட்டை அக்கா ஓடிப் போய், "அம்மா" என்று கூப்பிட்டாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தாள். இடது பக்கமாக நின்று கூப்பிட்டுவிட்டோம் என்பது, அவள் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அட்டை அக்காவுக்கு உறைத்தது.