'பயணிகள்' என்று பெயரிட்ட முத்திரை

பதுளைக் கடைத்தெருவில் விஜயலெட்சுமியின், தாளும் பேனாவும் விற்கும் காகிதாதிக் கடை திறந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இராக்கம்மா உள்ளே வந்து, மடித்த பத்திரிகைத் தாளை மேசையில் விரித்தாள்.

"இந்தப் படம் நான் வரஞ்சதுங்கம்மா. வேற ஆளு பேரு போட்டிருக்கு."

விஜயலெட்சுமி தபால் திணைக்களத்தின் விசாரணைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கள்ளக் கடிதம், கள்ள முத்திரை என்றால் ஊரில் இன்னும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவருக்கு உதவியாக ஓடித் திரியும் பத்திரிகை நிருபன் அகீல், அவர் கேட்பதற்கு முன்பே தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தான். யுத்தத்தை வரைந்த நான்கு ஓவியர்களைக் கௌரவித்து நினைவுத் தபால் முத்திரைகள் வெளிவரப்போகின்றன. அவர்களில் ஒருவர் எல்லயில் ஓவியக்கூடம் நடத்தும் ஞானசீலன். அவருடைய முத்திரையில் வரும் படத்தின் பெயர் 'பயணிகள்'.

படத்தில் பல நிறத் துணி மூட்டைகளுக்கு நடுவே ஏழெட்டுப் பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சிறுமி. மூட்டைகளின் வாயில் முடிச்சு எதுவும் இல்லை. குறுக்கே சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் மட்டும் ஓடின.

"எப்ப வரஞ்சீங்க?" என்று கேட்டார் விஜயலெட்சுமி.

"யுத்தம் முடிஞ்சு வன்னியிலருந்து தோட்டத்துக்குத் திரும்பி வந்தப்புறம், ரெண்டாயிரத்துப் பதினொண்ணுல. சர்ச்சுல பொம்பளைங்களுக்குப் படம் வரைய சொல்லிக் குடுத்தாங்க. இந்த ஞானசீலன் மாஸ்டர்தான் வந்தாரு. கண்காட்சிக்குன்னு வாங்கிட்டுப் போனவரு, மழையில நனஞ்சு கிழிஞ்சு போச்சுன்னுட்டாரு."

"இன்னைக்கே போய்க் கேப்போம், மிஸ்!" என்று அகீல் எழுந்தான்.

"கேக்கப் போகல. அவர் கையில என்ன வச்சிருக்கார்னு பாக்கப் போறோம்."

எல்லயில் ஞானசீலன் அவர்களை வெகு மரியாதையாக வரவேற்றார். தேநீர் வந்தது. சந்தேகம் என்றதும் அவர் கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்தார். உள்ளே அதே படத்தின் பென்சில் வரைவு இருந்தது.

"யுத்தம் முடிஞ்ச வருசம் ஏப்ரல்ல நிவாரண வேலைக்கு வவுனியா போயிருந்தேன். திரும்பி வந்ததும் வரஞ்சு, கொழும்புல இருந்த சிநேகிதனுக்கு அனுப்பினேன். அவன் செத்தப்புறம் வீட்டாக்கள் திருப்பித் தந்தாங்க. உறையில தபால் சீலப் பாருங்க, ரெண்டாயிரத்து ஒன்பது மே பத்து. சர்ச்சுல பூசை முடிஞ்ச கையோட, தோட்டத்து உப தபால் கந்தோருக்குப் போய் கவுண்டர்லயே குடுத்தேன். என் கண்ணு முன்னாலதான் சீல் குத்தினாங்க."

விஜயலெட்சுமி தபால் சீலின் மேல் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். "படத்துல என்ன நடக்குது, மாஸ்டர்?"

"ஊரை விட்டுப் போக வாகனத்துக்குக் காத்திருக்கிற சனம். மூட்டை முடிச்சோட."

"இந்தக் கறுப்புக் கோடு?"

"அது என் பாணி." அவர் சிரித்தார். "வெள்ளைக்காரனுக்கு இந்தக் கலரெல்லாம் ரொம்பப் பிடிக்கும். சோகம்னாலும் பாக்க அழகா இருக்கணும் இல்லையா?"

விஜயலெட்சுமி தேநீரைத் தொடாமலே எழுந்தார்.

செவ்வாய்க்கிழமை பதுளையில் முத்திரைத் தெரிவுக் குழு கூடியது. தலைவி றோசாலியின் அனுமதியோடு விஜயலெட்சுமி இராக்கம்மாவையும் அகீலையும் அழைத்து வந்திருந்தார். ஞானசீலன் உறையுடன் வந்திருந்தார்.

"முதல்ல சீல்," என்றார் விஜயலெட்சுமி. "அகீல், அந்த மே பத்தாந் தேதி என்ன கிழமை?"

அகீல் கைபேசியைப் பார்த்தான். "ஞாயிறு, மிஸ்!"

"பூசை முடிஞ்சு போனதா அவரே சொன்னார். ஞாயித்துக்கிழமை உப தபாலகம் பூட்டியிருக்கும். பெட்டியில போட்டிருந்தா திங்கட்கிழமைதான் சீல் விழும். ஆனா கவுண்டர்ல கண் முன்னால குத்தினாங்கன்னு சொல்றார். அது மட்டுமில்ல. இரும்புச் சீல் அடிச்சா காகிதம் கொஞ்சம் பள்ளமாகும். இது வழுவழுன்னு இருக்கு, மையும் ஓரத்துல பிதுங்கி நிக்குது. ரப்பர்ல செதுக்கின சீல். ஓவியர் கைக்கு அது பெரிய வேலை இல்ல."

ஞானசீலனின் சிரிப்பு மறைந்தது. "தேதி மறந்திருக்கலாம். அதால படம் என்னோடது இல்லன்னு ஆகுமா?"

"ஆகாது. இராக்கம்மா, இந்த மூட்டைக்குள்ள என்ன இருக்கு?"

இராக்கம்மா வியப்புடன் பார்த்தாள். "மூட்டை இல்லீங்களே. மண்ணு. சாக்கு கெடைக்கல. சீலையக் கிழிச்சு, பை தச்சு, மண்ணு ரொப்பி பங்கர் குழியச் சுத்தி அடுக்கினோம். வாயத் தச்ச தையல்தான் அந்தக் கோடு. செகப்புல மஞ்சக் கரை போட்டது என் கூறச் சீல."

"மூட்டைன்னா முடிச்சு இருக்கும்," என்றார் விஜயலெட்சுமி. "படத்துல ஒரு முடிச்சுகூட இல்ல. பென்சில் வரைவுல இவர் இவங்க தையலைப் பாத்துப் பாத்து வரஞ்சிருக்கார். அது என்னன்னுதான் அவருக்குத் தெரியல. குண்டுக்குப் பயந்து குழியில கிடந்தவங்களைப் பயணிகள் ஆக்கிட்டார்."

ஞானசீலன் மேசையில் அறைந்தார். "நான் எடுத்து வச்சதாலதான் இந்தப் படம் உசிரோட இருக்கு! இல்லன்னா தோட்டத்து லய வீட்டுல ஒழுகுற இடத்துல ஒட்டிக் கிடந்திருக்கும். இவ பேரைச் சொன்னா எவன் திரும்பிப் பாப்பான்?"

றோசாலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னது அதைவிட மோசமாக இருந்தது.

"அச்சடிச்சு முடிஞ்சுது. ரெண்டு பேர் பேரையும் சேத்துப் போட்டா பிரச்சினை இல்லாம முடிச்சுக்கலாமே?"

"களவு எடுத்தவருக்கும் பங்கா?" விஜயலெட்சுமியின் குரல் உயரவில்லை, ஆனால் முகம் அழுகியதை முகர்ந்தது போலச் சுளித்தது. "அப்படின்னா இந்த உறையோட நான் நேரா பொலிசுக்குப் போறேன். அகீல் நாளைக்கே பத்திரிகையில எழுதுவான்."

இராக்கம்மா எழுந்து, மேசையிலிருந்த அச்சிட்ட முத்திரைத் தாளைக் கையில் எடுத்தாள். நூறு சிறுமிகள் வரிசையாக அவளைப் பார்த்தார்கள்.

"இது என் மக," என்றாள். "அவ எங்கயும் போகக் காத்திருக்கல. அந்தப் பங்கர விட்டு வெளிய வரவே இல்ல."

றோசாலி அதற்கு மேல் வாதாடவில்லை. தாள்களை அழிக்கவும் உறையைப் பொலிசில் ஒப்படைக்கவும் தீர்மானம் எழுதினார். ஞானசீலன் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். புதிய படிவத்தில் ஓவியரின் பெயர் இராக்கம்மா என்று நிரப்பிய பின், றோசாலியின் பேனா அடுத்த கட்டத்தில் நின்றது.

"படத்துக்கு என்ன பேர் போடறது?"

"லோகேஸ்வரி," என்றாள் இராக்கம்மா. "எழுத்துப் பிழை இல்லாமப் போடுங்க."