தண்ணீர் வேண்டாம் என்றவன்

காலடிச் சத்தமே கேட்கவில்லை... திரும்பினாள். வாசலில் அவன் நின்றிருந்தான்.

மிஷன் ஆஸ்பத்திரியின் ஓட்டுக்கூரையை ஐப்பசி மழை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. பகல் மூன்று மணிக்கே அறை இருண்டுவிட்டது. நர்சு தங்கபாய் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நோயாளிகளின் மூத்திரப்பையிலிருந்து பெரிய டாக்டர் எடுத்த கற்களெல்லாம் அதில்தான் இருந்தன. புளியங்கொட்டை அளவில் சில, கோழிமுட்டை அளவில் சில. ஒவ்வொரு குப்பியிலும் பெயர், ஊர், வருடம். மற்ற நர்சுகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். காற்றில்லாத நேரத்திலும் ஏதோ ஒரு குப்பிக்குள் கல் உருண்டு ‘டிக்’ என்று கேட்கும் என்பார்கள். எந்தக் குப்பி என்று தங்கபாய்க்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் குப்பிதான் இப்போது அவள் கையில் இருந்தது. வந்தவனின் கண்களைப் பார்த்ததும் அது நழுவியது... அந்தக் கண்களை நான்கு வருடத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் அவள் கைதான் மூடியது.

அவன் பாய்ந்து குப்பியைப் பிடித்தான். சீட்டை வாசித்தான். ஜான்ரோஸ், தாமரைக்குளம், 1929.

“எங்க அப்பா” என்றான் மெதுவாக.

அப்பாடா... ஆவி இல்லை, மகன்! பெயர் ஜெபசீலன், உப்பளத்தில் மேற்பார்வை வேலை. ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்க, ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். அப்படி நினைத்த மனதை அவள் அதட்டி உட்காரவைத்தாள்.

அப்பா அடிக்கடி கனவில் வருகிறாராம். அந்தக் கல்லையும் அவரோடு குழியில் சேர்த்தால்தான் அடங்குவார் என்று அம்மா சொல்லி அனுப்பினாளாம். டாக்டர் முகாம் போயிருந்தார், அவர் உத்தரவில்லாமல் எதையும் கொடுக்க முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டு, நனைந்து வந்தவனாயிற்றே என்று, பானையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

“வெள்ளம் குடிக்கியளா?”

அவன் டம்ளரைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டினான்.

அடுத்த வெள்ளியும் வந்தான். டாக்டர் இருந்தும் அவரைப் பார்க்கப் போகாமல் இவளிடமே நின்று பேசினான். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. அளத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு மனிதனுக்கு நிழலே இருக்காது என்றான். அப்படியானால் உங்களுக்கு நிழல் உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும் என்றாள் இவள். சிரித்தான்... சிரிக்கும்போது அந்தக் கண்கள் அவனுடையவை மட்டும்தான். ஆனால் தண்ணீரை மட்டும் தொடவில்லை.

கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் சாதியை மடியில் முடிந்துவைத்திருக்கும் குடும்பம் என்று அவன் வீட்டாரைப் பற்றிப் பேச்சுண்டு. தங்கபாய்க்குப் பொறுக்கவில்லை.

“எங்க கைவெள்ளம் ஒங்க தொண்டையில எறங்காதோ?”

அவன் முகம் சிவந்தது. டம்ளரைத் தொடாமலே திரும்பிப் போய்விட்டான்.

கோபம் தணிந்த பிறகு அவளுக்கு வேறொரு பயம் வந்தது. அன்றைக்கு ஜான்ரோஸ் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் கேட்டார். மயக்க மருந்து கொடுத்த உடம்பு, ஒரு சொட்டும் கூடாது என்பது உத்தரவு. அப்போது இவள் பயிற்சிக்கு வந்த பெண், கொடுக்கவில்லை. மறுநாளே அவர் போய்விட்டார். அப்பாவுக்கு மறுத்த தண்ணீரை மகன் திருப்பி மறுக்கிறானா? செத்தவர்தான் இவனை அனுப்புகிறாரா?

அடுத்த வெள்ளிக்கிழமை மழை வெறித்து, உச்சிவெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் ஒருவர் நின்றார். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். ஜெபசீலன் என்றுதான் நினைத்தாள்... தலை வெளுத்திருந்தது. அவர் இரண்டு கையையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். பிறகு சலவைக் கொட்டகைக்குப் பின்னால் நடந்தார்.

அவள் கால்கள் தாமாகவே பின்னால் போயின. அங்கே கிழவர் இல்லை. காய்ந்த மணலில் ஈரச் சுவடுகூட இல்லை. சுவரோரம் ஜெபசீலன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். பக்கத்து மணலில் சிவப்பாகச் சில சொட்டுகள்.

இரண்டு வருடமாக இப்படித்தானாம். குடித்த தண்ணீர் வெளியே போகும்போது தணல் போல் எரிகிறதாம். அதனால் காலையில் ஒரு வாய், மாலையில் ஒரு வாய். அந்த உப்பள வெயிலில்!

“ஒங்க கைவெள்ளத்த நான் வேண்டாம்னு சொல்லல...” மூச்சு வாங்கியது அவனுக்கு. “வெள்ளமே வேண்டாம்னுதான் சொன்னேன். இத ஒரு பொம்பளகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பெரிய டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுத் திட்டினார். தண்ணீர் குடிக்காததுதான் கல்லை வளர்த்திருக்கிறது. கத்தி வைக்க வேண்டியதில்லை, நீர் போகும் வழியாகவே கருவியை விட்டுக் கல்லை நொறுக்கிக் கழுவி எடுத்துவிடலாம் என்றார். ஜான்ரோஸ் வந்தபோது சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. மகனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகமில்லை.

மயக்க மருந்து கொடுக்க உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். ஆள் அனுப்பி அவன் அம்மா ராகேலை வரவழைத்தார்கள். அவள் ஆபரேஷன் அறை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

“எனக்க மாப்பிளய முழுங்குன மேச அது. மவனயும் குடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

ஜெபசீலனும் வீட்டுக்கே போகிறேன் என்றான். அந்த மேசையில் கிடக்கும் கோலத்தை இவள் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று வீம்பு பிடித்தான். அப்போதுதான் தங்கபாய், யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள். குவித்த கைகளை... கொடுக்காத தண்ணீரை... மரத்தடியில் நின்றவரை.

அவன் தன் இரண்டு கையையும் குவித்துப் பார்த்தான்.

“கனவுலயும் அப்பிடித்தான் கையக் குவிச்சுட்டு நிப்பாரு” என்றான். “எங்கிட்ட வெள்ளம் கேக்காருன்னு நெனச்சேன். அவரு கேக்கல நர்சம்மா... என்னையத்தான் குடிக்கச் சொல்லியிருக்காரு.”

அவன் ஆஸ்பத்திரியிலேயே தங்கினான்.

திங்கட்கிழமை காலை எல்லாம் தயாராக இருந்தது. அம்மா மட்டும் வரவில்லை. பத்து மணி வரை வாசலைப் பார்த்துவிட்டு, உறவுக்காரர் கையெழுத்தில்லாமல் தொடமாட்டேன் என்று டாக்டர் தாளை மேசைமேல் போட்டார். ஜெபசீலன் கண்ணை மூடிக்கொண்டான்.

தங்கபாய் பேனாவை எடுத்தாள். பெயர் எழுதினாள். ‘நோயாளிக்கு என்ன முறை’ என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள்... பிறகு எழுதி முடித்துத் தாளை நீட்டினாள்.

டாக்டர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தார்.

“தம்பி, இவளை நீ கட்டிக்கொள்ளப் போவதாக எழுதியிருக்கிறாள். உண்மையா?”

ஜெபசீலன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கே இப்பந்தான் தெரியும் டாக்டர்” என்றான். “ஆனா நெசந்தான்.”